கடலூர் நம்பர்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தேதி கிழிக்கும் காலண்டருக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பித்தளை வட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பாரோமீட்டர். பழைய கப்பல் ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா வாங்கிவந்தது. அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மழைக்காலத்தில் செய்தியில் ‘ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்று சொல்வார்களே, அந்தக் கூண்டை ஏற்றி இறக்கும் கயிறு பல வருடம் அவர் கையில் இருந்தது.

2004இல் ஓய்வு பெற்றார். கயிறு கையை விட்டுப் போனது, பழக்கம் போகவில்லை. தினமும் காலை பதினொரு மணிக்கு வட்டத்தின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டுவார். முள் எங்கே நிற்கிறது என்று படித்து, அன்றைய காலண்டர் தாளின் மூலையில் எழுதுவார். மறுநாள் கிழித்த தாளைத் தூக்கிப் போடமாட்டார், பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைப்பார். ஒரு டப்பா நிறைந்ததும் இன்னொரு டப்பா. அம்மாவுக்கு அந்த டப்பாக்களின் மீது தீராத எரிச்சல். சமையலறையில் பருப்பு கொட்டிவைக்க ஒரு டப்பா இல்லை, இவருக்குக் காற்றைக் கொட்டிவைக்க ஏழு டப்பா வேண்டியிருக்கிறது என்பாள்.

நான் 2006இல் ஒரு விமான நிறுவனத்தில் கோ-பைலட் ஆனேன். சின்ன விமானம், இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் ரகம். ஒரு நாளில் நாலைந்து ஊர் இறங்கி ஏறுவோம். ஐப்பசி பிறந்துவிட்டால், ஏதாவது ஒரு ஊரில் பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போன் போடுவேன்.

“இன்னா நம்பர்ப்பா?”

“இரு,” என்பார். கண்ணாடியைத் தட்டும் சத்தம் போனில் கேட்கும். பிறகு எண்ணைச் சொல்லுவார். எனக்கும் அவருக்கும் அதைத் தவிரப் பேச வேறு விஷயம் பெரிதாக இருந்ததில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பது அம்மாவின் இலாகா.

விமானத்தில் உயரம் காட்டும் கருவியும் இந்தப் பித்தளை வட்டத்துக்கு உறவுக்காரன்தான். காற்றழுத்தத்தை அளந்துதான் அது உயரம் சொல்கிறது. மேலே பறக்கும்போது எல்லா விமானங்களும் 1013 என்ற ஒரே பொது எண்ணை அதில் வைத்துக்கொள்ளும். இறங்கும்போது, குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும், இறங்கப்போகும் ஊரின் அந்த நேரத்து அழுத்தம் எதுவோ அந்த எண்ணுக்குக் குமிழைத் திருகி மாற்ற வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். திருக மறந்தால், புயல் நாளில் கருவி பொய் சொல்லும். உண்மையில் இருப்பதைவிட நாம் உயரத்தில் இருப்பதாகக் காட்டும். மேகத்துக்குள் தரை தெரியாமல் இறங்குகிறவனுக்கு அதைவிட மோசமான பொய் கிடையாது.

மறக்காமலிருக்க ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் பட்டியலைப் படிப்பார், ஓட்டுகிறவர் பதில் சொல்வார், படித்தவர் தன் பக்கத்துக் கருவியையும் பார்த்து ஆமோதிப்பார். உயரக் கருவி என்று கேட்டால், அதில் இருக்கும் எண்ணைக் கண்ணால் பார்த்துப் படித்து, ‘செட்’ என்று சொல்ல வேண்டும். மனதில் இருக்கும் எண்ணை அல்ல. பயிற்சியில் இதை நூறு முறை சொல்லவைப்பார்கள். நூறு முறை சொன்ன பிறகு வாய் அதைத் தானாகவே சொல்லப் பழகிவிடுகிறது. அதற்குக் கண்ணின் உதவி தேவைப்படுவதில்லை.

2008 கார்த்திகையில் என்னோடு பறந்த கேப்டன் சிதம்பரத்துக்காரர். ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. புவனகிரிப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். மற்றவர்களோடு இங்கிலீஷும் இந்தியும் பேசுகிறவர், பக்கத்து சீட்டில் நான் என்றால் முகம் மலர்ந்துவிடும். கதவைச் சாத்தியதும் தமிழ்தான். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்று விதி. எங்கள் இருவருக்கும் அது வெளியூர்க்காரர்களுக்குப் போட்ட விதி மாதிரி ஆகிவிட்டது. அது போதாதென்று, அவர் ‘செட்’ என்றால் அவர் பக்கத்துக் கருவியை எட்டிப் பார்க்க எனக்குக் கூச்சம். ஊர்க்காரரைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். அவருக்கும் என்னிடம் அப்படியே இருந்திருக்க வேண்டும்.

அன்று வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாகிவிட்டது. காலையில் அப்பா சொன்ன எண் 998. மதியம் கடலோர ஊர் ஒன்றில் இறங்க வேண்டும். விமானத்தை நான் ஓட்டினேன், ரேடியோவை கேப்டன் பார்த்துக்கொண்டார். கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் குரல். இறங்க அனுமதி கொடுத்து, அழுத்தம் 1003 என்றது. கேப்டன் 1003 என்று தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். ரேடியோவை விட்டதும் என் பக்கம் திரும்பினார்.

“அப்பா காலைல இன்னா சொன்னாரு?”

“தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு சார். இன்னும் எறங்குதாம்.”

“அப்ப நம்ப பக்கம்தான் கரையேறும் போலருக்கு. சம்பா நட்டு இருவது நாளுகூட ஆவல, தம்பி. எல்லாம் அழுவிடும்.”

“வடிகால வெட்டி வுட்டாங்களா சார்?”

“எங்க வெட்டுனானுங்க...”

இப்படி ஒரு நிமிடம் போயிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில்தான் குமிழைத் திருக வேண்டிய உயரத்தைக் கடந்து வந்தோம். யாரும் திருகவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் மறுபடி வந்தார். காற்றின் திசை மாறிவிட்டது, ஓடுபாதையின் எதிர்முனையிலிருந்து வாருங்கள் என்றார். எதிர்முனையில் சரிவு காட்டி அழைத்துவரும் சாதனம் கிடையாது. உயரத்தைப் படிப்படியாக நாமே பார்த்து இறங்க வேண்டும். வேறு வரைபடம் எடுத்து, வேறு எண்கள் வைத்து, பரபரவென்று வேலை நடந்தது. கேப்டன் பட்டியலைப் படித்தார். உயரக் கருவி என்றார். “தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, செட்,” என்றேன் இங்கிலீஷில். “செட்,” என்றார் அவரும். இரண்டு கருவிகளையும் ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒப்பிட்டோம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. இரண்டும் ஒரே தவறில் இருந்தால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஓடுபாதை தெரியாவிட்டால் அறுநூறு அடிக்குக் கீழே போகக் கூடாது. என் கருவி எண்ணூறு காட்டியது. வெளியே வெள்ளை மேகமும் மழையும். அப்போது விமானத்தின் எந்திரக் குரல் ‘ஐந்நூறு’ என்றது. அந்தக் குரல் காற்றழுத்தத்தை நம்புவதில்லை. தரைக்கு ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரம் சொல்கிறது. எண்ணூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவில் இருந்தது என்ன என்று எனக்குப் புரியவில்லை. கேப்டனுக்குப் புரிந்ததோ இல்லையோ, “மேல ஏத்து!” என்று கத்தினார். ஏற்றினேன்.

ஏறும்போதுதான் குமிழைப் பார்த்தேன். 1013. அவர் பக்கமும் 1013. அவர் கையை நீட்டி 1003க்குத் திருகினார். நானும் திருகினேன். இரண்டாவது முறை சரியாக இறங்கினோம். பயணிகள் இறங்கும்போது ஒருவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, “செம மழை சார், சூப்பரா எறக்கிட்டீங்க,” என்றார். நன்றி சொன்னேன்.

இப்படி நடந்தால் நாமே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் பெரும்பாலும் தண்டனை கிடையாது, கொஞ்சம் பயிற்சி கொடுத்து விட்டுவிடுவார்கள். ஆனால் மறதி வேறு, விதியை மீறி ஊர்க்கதை பேசியது வேறு. அது எழுத்தில் வந்தால், என் தோளில் இருக்கும் மூன்று பட்டை நான்காகி நான் கேப்டன் ஆகும் நாள் எங்கோ தள்ளிப்போகும். அவர் நாலு மாதத்தில் தலைகுனிந்து வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

“திருவ மறந்தத எழுது தம்பி, நான் வேணாங்கல. நம்ப பேசிக்கிட்டிருந்தத மட்டும் எழுதாத.”

“சரி சார்,” என்றேன். அதற்கு எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

கடலூரில் மழையில் மின்சாரம் போன கூடத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினேன். நான் குமிழைத் திருகவில்லை என்று எழுதினேன். கருவியைப் பார்க்காமல் தவறான எண்ணைச் சொன்னேன் என்று, அந்த 998ஐயும் எழுதினேன். அதை எழுதியதில் எனக்கு நேர்மையாளன் என்ற திருப்திகூட வந்தது. திருக வேண்டிய நேரத்தில்தான் ஓடுபாதை மாற்றச் செய்தி வந்தது என்றும் எழுதினேன். ஒரு நிமிடத்தை நகர்த்திவைத்தேன், அவ்வளவுதான். அப்பா வட்டத்தைத் தட்டிக்கொண்டே, “இன்னாடா எழுதுற?” என்றார். ஆபீஸ் வேலை என்றேன்.

விமானத்திலிருந்த பதிவுக் கருவியைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லையே. கேப்டன் மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றார். எனக்கு, தானாக முன்வந்து எழுதியதற்காக ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. எல்லா விமானிகளுக்கும் பெயர் போடாமல் ஒரு சுற்றறிக்கை போனது. காரணம் என்ற தலைப்பின் கீழ், கட்டுப்பாட்டு அறை கடைசி நேரத்தில் ஓடுபாதையை மாற்றியது என்று இருந்தது. அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டார்களாம். சில வாரம் மைக் பக்கம் விடாமல் உட்காரவைத்தார்களாம். இதை ஒரு நண்பன் டீ குடிக்கும்போது சொன்னான். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

பாராட்டுக் கடிதத்தையும் சுற்றறிக்கையையும் கடலூருக்கு எடுத்துப் போனேன். வேறு எதற்கு, பீற்றிக்கொள்ளத்தான். அப்பாவுக்கு ஆபீஸ் இங்கிலீஷ் வரும். வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்தார். சுற்றறிக்கையின் பாதியில் விரல் நின்றது.

“அந்த ஊர்ல ஆயிரத்து மூணுன்னு போட்டுருக்கு. பைலட்டு தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டுன்னு சொன்னான்னு போட்டுருக்கு. அது எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியலன்னு எழுதிருக்கானுங்க.”

அவர் எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தார். தேட அதிக நேரம் ஆகவில்லை. கார்த்திகை மாதத்துத் தாள் ஒன்றை எடுத்துச் சுற்றறிக்கையின் மேல் வைத்தார். மூலையில் அவருடைய சின்னக் கையெழுத்து: ‘998. மணி 11. பையனிடம் சொன்னது.’

“இது நான் சொன்ன நம்பராச்சேடா,” என்றார்.

“ஆமாம்ப்பா.”

“எறங்கும்போது இதப் பத்தியா பேசிக்கிட்டிருந்தீங்க?”

தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். தாளை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, அம்மாவிடம் சோறு போடச் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் வழக்கம்போலப் போன் போட்டேன். “மழ பேயிது,” என்றார். நம்பர் என்னவென்று கேட்டேன். “அதெல்லாம் இப்ப பாக்கறதில்ல,” என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா சமையலறைக்குள் நகர்ந்து வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“பாக்காம இன்னா, டெய்லி தட்டி எழுதிக்கிட்டுதான் இருக்காரு. ஒங்கிட்ட சொன்னதாலதான் பிளேனு வுழப் பாத்துதுன்னு மனசுல வச்சிக்கிட்டிருக்காரு. யார்கிட்டயும் சொல்லாத, நான் சொன்னேன்னு.”

வெளியே பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறந்தால் என் பட்டை போகும் என்று மூடிவைத்தேன். அதற்கு இரண்டு பேர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகம் தெரியாத பெண். அந்த ஊரில் இறங்கும்போதெல்லாம் அவர் குரல் வரும். அழுத்த எண்ணைச் சொல்லிவிட்டு, வைத்துவிட்டீர்களா என்று எல்லோரிடமும் இரண்டு முறை கேட்பார். பைலட்டுகள் நடுவே அது ஒரு கேலியாகியிருந்தது, அவரைப் போலப் பேசிக் காட்டுவார்கள். நானும் ஒருமுறை சிரித்திருக்கிறேன். இன்னொருவர், வாழ்க்கை முழுவதும் மற்றவர்களுக்கு எச்சரிக்கை ஏற்றிவிட்டு, ஒரு விமானத்தையே கவிழ்க்கப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்த என் அப்பா.

அப்படியும் உடனே எழுதிவிடவில்லை. சில மாதம் இழுத்தடித்தேன். 2010இல் கேப்டன் தேர்வுக்கு என் பெயரும் பட்டியலில் வந்தபோதுதான், இதற்கு மேல் தள்ளிப்போட்டால் எப்போதும் எழுதமாட்டேன் என்று பட்டது. முதலில் சிதம்பரத்துக்குப் போனேன். அவரிடம் சொல்லாமல் எழுதுவது சரியில்லை.

வடக்கு வீதியில் அவர் வீடு. சட்டையில்லாமல் துண்டோடு வந்து கதவைத் திறந்தார். “வா வா, தேர்வுக்குப் பேரு வந்துடுச்சாமே,” என்று தோளில் தட்டினார். காபி வந்தது. விஷயத்தைச் சொன்னேன். தட்டிய கையை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“எதுக்கு இப்ப? யாராவது கேட்டாங்களா?”

“யாரும் கேக்கல சார்.”

“கேக்காதத எதுக்குச் சொல்ற? அந்தப் பொண்ணுதான் வேலைக்குத் திரும்பிடுச்சே.”

அப்பாவைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்ல வரவில்லை. “எனக்கு ஒறுத்தலா இருக்கு சார்,” என்றேன்.

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். “முப்பது வருசத்துல ஒருத்தன் என்னப் பாத்து ஒரு கேள்வி கேட்டதில்ல. ஒங்கூட தமிழ்ல நாலு வார்த்த பேசினேன். அதான் நான் செஞ்ச தப்பு, இல்ல?”

ஒரு விதத்தில் அவர் சொன்னது சரி. காபியைக் குடிக்காமலே எழுந்தேன். அவர் வாசல் வரை வரவில்லை.

இரண்டாவது கடிதம் ஆறு வரி. குமிழைத் திருக வேண்டிய உயரத்தை நாங்கள் கடந்தது ஓடுபாதை மாற்றச் செய்தி வருவதற்கு முன்பு. அப்போது நாங்கள் எங்கள் ஊர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 998 என்பது அன்று காலை கடலூரில் என் அப்பா படித்த எண். அவர் சரியாகத்தான் படித்தார். கட்டுப்பாட்டு அறையின் மீது பிழையில்லை. முதல் அறிக்கையில் இதை நான் மறைத்தேன். வேறொன்றும் எழுதவில்லை.

தேர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். பாராட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஒரு பாராட்டைத் தபாலில் திருப்பி அனுப்பிய ஆள் அந்த நிறுவனத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். திருத்திய சுற்றறிக்கை வந்தது, கட்டுப்பாட்டு அறைக்கும் ஒரு நகல் போனது. அந்தப் பெண் அதைப் படித்தாரா என்று தெரியாது. அதற்குப் பிறகும் இரண்டு முறைதான் கேட்டார். நான் இரண்டு முறையும் குமிழைப் பார்த்துப் பதில் சொன்னேன். சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்தில் கேப்டனைப் பார்த்தேன். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தவர், என்னைக் கண்டதும் இலையை விட்டு எழுந்து வேறு வரிசைக்குப் போனார். இன்றும் அது வலிக்கிறது.

கடிதத்தை அனுப்பிய வாரமே அதை அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அவர் சரியாத்தான் படிச்சாருன்னு போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்ப்பா.”

“அந்த வரிய இன்னொருக்கா படி.”

படித்தேன். எழுந்து போய் வட்டத்தைத் தட்டினார். மணி பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை.

நாலாவது பட்டை 2012இல் வந்தது. அந்த வருடம் ஐப்பசியில், ஒரு ஊரில் பயணிகள் ஏறுவதற்குக் காத்திருந்தபோது, போன் அடித்தது. அப்பா. அவராக அடித்தது அதுதான் முதல் தடவை.

“ஆயிரத்து நாலு,” என்றார்.

“சரிப்பா,” என்று வைக்கப் போனேன்.

“இரு, இன்னும் முடிக்கல. இது கடலூர் நம்பரு. ஒன்னோடத நீ பாத்துக்க.”

பக்கத்து சீட்டில் பண்ருட்டிக்காரப் பெண் ஒருத்தி, புதிதாகச் சேர்ந்த கோ-பைலட். போனில் கேட்ட குரலிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். கதவைச் சாத்தினார்கள். அவள் என் பக்கம் திரும்பி, “நம்ப ஊர்ல இன்னா சார் நெலம?” என்றாள்.

“எறங்கினப்புறம் சொல்றேன்,” என்றேன்.